சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது

கோவா போய் வந்தேன் என்று சொன்னால் நாட்றம்பள்ளியில் எல்லோரும் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். டீக்கடையில் தெரிந்த பையன் ஒருவன், "இந்த வயசுல இன்னா சார், பீச்சா?" என்று கேட்டே விட்டான். பீச்சுக்குப் போகவில்லை அப்பா. பழைய போர்ச்சுகீசிய ஊர்களைப் பார்க்கப் போனோம். கூட ஒரு நல்ல சாப்பாடும், விருப்பப்பட்டவர்களுக்கு ஒயினும். இதை விளக்கிச் சொன்ன பிறகு அவன் இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

ஏற்பாடு செய்தது பெங்களூரில் இருக்கும் என் மகன். "அப்பா, கைடோட ஒரு நாள் டூர். பழைய கோவா, பணஜி, சாந்தோர் மூணும் காட்டுவாங்க. மத்தியானம் கோவா சாப்பாடு, ஒயின் எல்லாம் அதுலயே சேர்த்தி. நீங்க சும்மா வேன்ல ஏறி உட்கார்ந்தா போதும்" என்றான். நான், என் மனைவி, என்னோடு வாணியம்பாடி டேனரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற பாய், அவர் வீட்டம்மா, எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார். மொத்தம் ஐந்து பேர். ஜோலார்பேட்டையில் ஏறி பெங்களூர், அங்கே யஷ்வந்த்பூரில் வாஸ்கோ ரயில். வாஸ்கோ ட காமா பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது என்பதிலேயே வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். முப்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவர் அல்லவா!

முதலில் நல்லதைச் சொல்லி விடுகிறேன். பழைய கோவா பார்க்க வேண்டிய ஊர். 1510 நவம்பரில் அல்புகர்க் பிஜப்பூர் ஆதில் ஷாவிடமிருந்து பிடித்த ஊர் அது. அதிலிருந்து 1961 டிசம்பர் 19-ல் நம் ராணுவம் விடுவிக்கும் வரை 451 வருடம் போர்ச்சுகல் கையில் இருந்தது. ஒரு காலத்தில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த பட்டணம் என்கிறார்கள். கொள்ளை நோய் திரும்பத் திரும்ப வந்து ஊரையே காலி செய்தது. ஆட்சி பணஜிக்குப் போய்விட்டது. இன்று மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய தேவாலயங்கள் மட்டும் நிற்கின்றன, திருவிழா முடிந்த மறுநாள் தேர்களைப் பார்ப்பது போல. 1986 முதல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

பாம் ஜீசஸ் பேராலயத்தில் புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் வெள்ளிப் பேழையில் உயரத்தில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இவர் நமக்கு அந்நியர் இல்லை. தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் முத்துக் குளிக்கும் பரதவர்களிடையே வேலை செய்தவர். அவருக்குப் பின் அதே கரையில், புன்னைக்காயலில் இருந்த அண்ட்ரிக் அடிகளார்தான் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டார். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் நம் தமிழ்ப் புத்தகம்! அதற்கான எழுத்துகளில் ஒரு பகுதி முந்தைய வருடம் கோவாவில் வார்க்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அச்சு இயந்திரமும் 1556-ல் அங்கே புனித பவுல் கல்லூரியில்தான் வந்து இறங்கியது. அந்தக் கல்லூரியில் இன்று மிஞ்சியிருப்பது வாசல் முகப்பு ஒன்றுதான். எங்கள் வேன் அதன் வழியாகவே போனது. நிற்கவில்லை. "டைம் இல்லை அங்கிள்" என்றார் கைடு.

அந்தக் கைடைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முப்பது வயதுப் பையன். நல்ல ஆங்கிலம், கொஞ்சம் தமிழ்கூடப் பேசினான். வாத்தியாருக்கு முட்டி வலி என்றதும் கையைப் பிடித்து இறக்கி விட்டான். பேராலயத்துக்கு நாற்பது நிமிடம், எதிரே சே கதீட்ரலுக்கு இருபது நிமிடம் என்று கணக்காக நடத்தினான். சே கதீட்ரலுக்கு இரண்டு கோபுரம் இருந்ததாம். 1776-ல் ஒன்று விழுந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒற்றைக் காதில் மட்டும் தோடு போட்ட மாதிரி இருக்கிறது என்றாள் என் மனைவி.

மதியம் பணஜியில் ஃபோன்டெய்னாஸ் பகுதி. மஞ்சள், நீலம், காவி என்று வர்ணம் அடித்த பழைய வீடுகள், குறுகிய தெருக்கள், சுவரில் நீலப் பூ வேலை செய்த ஓட்டுப் பலகையில் தெருப் பெயர். அங்கே ஒரு பழைய வீட்டு ஓட்டலில் சாப்பாடு. மசாலா அடைத்து வறுத்த மீன், கொத்தமல்லி அரைத்த கோழி கஃப்ரியல், விந்தாலு, 'பொய்' என்ற ரொட்டி (பெயர்தான் பொய், ரொட்டி உண்மை), கடைசியில் அடுக்கடுக்காகச் சுட்ட பெபிங்கா. விந்தாலு என்பது ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த இறைச்சிக்குப் போர்ச்சுகீசியர் வைத்த பெயரின் மருவு. இங்கே ஒயினுக்குப் பதில் கள்ளுக் காடி ஊற்றினார்கள். நம் மிளகாயைக் கொட்டினார்கள், கோவா சமையல் ஆகிவிட்டது.

நம் மிளகாய் என்றேனா? அதுதான் வேடிக்கை. மிளகாய் நம்முடையதே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி எல்லாமே அப்படி வந்தவைதான். பாய் பன்றி இறைச்சியும் ஒயினும் தொடமாட்டார், நான் ஒயின் தொடமாட்டேன். ஆகவே நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து கோக்கம் சர்பத் குடித்தபடி மீன் சாப்பிட்டோம். பாய் யோசித்துவிட்டு, "அப்ப ஆம்பூர் பிரியாணிக்கு ஊறவெச்சு அரைக்கிற காஞ்ச மிளகாய்கூட இவங்க கொண்டாந்ததா சார்?" என்றார். ஆமாம் பாய். அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான்.

வாத்தியார் மூன்று சின்னக் கிளாசில் போர்ட் ஒயினும், கடைசியாக ஒரு மடக்கு முந்திரிப் பழ ஃபெனியும் ருசி பார்த்தார். ஃபெனியைக் குடித்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "நம்ம ஊரு கஷாயத்துக்கு இது பரவாயில்ல" என்றார். அதற்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று கைடு பெருமையாகச் சொன்னான்.

ருசி பார்க்கும் இந்த நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் நடந்தது. பழைய கோவா முழுவதற்கும் ஒரு மணி நேரம்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

கோவா போவதற்கு முன் நான் கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். 1560-ல் அங்கே இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றம் அமைத்தார்கள். நடுவே சில வருடம் நிறுத்தி வைத்தது போக, 1812 வரை நடந்தது. கிறிஸ்தவராக மாறிய பிறகும் வீட்டுக்குள் பழைய வழக்கத்தை விடவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டு உள்ளே போனவர்கள் ஏராளம். அதாவது இதில் அதிகம் அடிபட்டவர்கள் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களே. 1684-ல் கொங்கணியை விட்டுவிட்டுப் போர்ச்சுகீசியம் பேசவேண்டும் என்றும் ஆணை போட்டார்கள். விசாரணை மன்றத்தின் மாளிகை சே கதீட்ரலுக்குப் பக்கத்து மைதானத்தில்தான் இருந்தது. இன்று அங்கே சுவடுகூட இல்லை. அங்கே மாட்டியிருந்த ஒரு சிலுவைச் சிற்பம் மட்டும் பின்னால் பணஜிக்கு வந்து, ஃபோன்டெய்னாஸில் புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில் இருக்கிறது. வழக்கமாகச் சிலுவையில் இயேசு தலை சாய்ந்து கண் மூடியிருப்பார். இந்தச் சிற்பத்தில் தலை நிமிர்ந்து, கண் திறந்திருக்கும்.

நாங்கள் சாப்பிட்ட இடத்திலிருந்து அந்தச் சிற்றாலயம் நடக்கிற தூரம். கைடிடம் கேட்டேன். "அது பூட்டியிருக்கும் அங்கிள்." சரி, இன்குவிசிஷன் மாளிகை இருந்த இடத்தையாவது காலையில் காட்டியிருக்கலாமே என்றேன். அவன் சிரித்த முகம் மாறாமல், "அங்கிள், பெபிங்கா ஆறிடும், சாப்பிடுங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் மேல் கோபம் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். என் குரல்.

டேனரியில் நான் பார்த்தது ஏற்றுமதிக் கணக்கு வேலை. ஆங்கிலம் வரும் என்பதால், வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருபவர்களை ஊர் சுற்றிக் காட்டுவதும் என் தலையில் விழும். எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் ஏலகிரி ஏரியில் படகு, நேரம் இருந்தால் காவலூர் வானாய்வகம், மதியம் ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காயும். எல்லோரும் திருப்தியாகப் போவார்கள். எந்த ரோட்டில் போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. நானாகவே ஒதுக்கியது.

1994 என்று ஞாபகம். ஒரு இத்தாலிக்காரர் பாலாற்றுப் பாலத்தின் மேல் காரை நிறுத்தச் சொன்னார். ஆறு எங்கே என்றார். கோடைக்காலம், தண்ணீர் இல்லை என்றேன். அது நிஜம்தான். ஓரத்தில் தேங்கி நிற்கும் அந்தக் கறுப்புத் தண்ணீர் என்ன என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சார், பிரியாணி ஆறிவிடும்" என்றேன்.

அந்த நேரத்தில் என் தாய்மாமன் தோப்பில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப் போய், தேங்காய் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்துக் காய்த்துக் கொண்டிருந்தது. "மாமா, வேற வழி இல்ல, குடும்பம் ஓடணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு மாதச் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டு வருடம் கழித்து, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அசுத்தம் செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் சட்டப் படிப்பில் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் ஊர் கல்லூரிப் பாடத்தில் ஏறிய கதை அது. நான் அதை ஒரு விருந்தாளிக்கும் சொன்னதில்லை.

அன்று இரவு லாட்ஜில் இதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சாப்பிட வந்தவன்கிட்ட எழவு வீட்டுக் கதைய எதுக்கு சொல்லணும்? அந்தப் பையனுக்குப் பொழப்பு. நாம காசு கொடுத்தது சந்தோஷமா இருக்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: "ஐநூறு வருஷத்துக்கு முந்தினத இப்பக் கிளறினா, இன்னிக்கு அங்க வாழற கிறிஸ்தவங்க மேலதான் பழி வரும்." இது லேசில் தள்ளக்கூடிய பேச்சு இல்லை. பழைய கொடுமையை இன்றைய சண்டைக்கு விறகாக்குபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பாய் குறுக்கிட்டார். "வாத்தியாரே, ஊரைப் பிடிச்சதும் அங்க இருந்த முஸ்லிம்களை நாலு நாள் வெட்டினதா அல்புகர்க்கே ராஜாவுக்கு லெட்டர் எழுதியிருக்காரு. எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ஆனா அந்தப் பையன் 'ஊரைப் பிடிச்சாரு'ன்னு ஒரே வார்த்தையில தாண்டிப் போனப்ப, அங்க நின்ன நான் மட்டும் ஏதோ விருந்துக்கு அழைக்காத ஆள் மாதிரி ஆயிட்டேன்."

அதற்கு வாத்தியார் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் முடிவான வாதம். மறைத்தால் பழி வராது என்பது தவறு. முழுதாகச் சொன்னால்தான், அடித்தவர் யார், அடிபட்டவர் யார், இன்று அந்த ஊரில் இருப்பவர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று தெளிவாகும். சொல்லாமல் விட்டால் அவரவர் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக்கொண்டு போவார்கள்.

மறுநாள் காலை நானும் என் மனைவியும் ஒரு ஆட்டோ பிடித்து அந்தச் சிற்றாலயத்துக்குப் போனோம். காலைப் பூசை நேரம், கதவு திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சிற்பம் படித்தது போலவே இருந்தது. தலை நிமிர்ந்து, கண் திறந்து. பூசை முடிந்து வந்த வயதான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். நான் சிற்பத்தைப் பற்றிக் கேட்டதும் தயக்கமே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார், நாங்கள் படித்ததற்கு மேலேயே. கடைசியில், "எங்கள் முன்னோர்களையும்தான் அதன் முன்னால் நிறுத்தியிருப்பார்கள். நான் அதே சிற்பத்தின் முன்னால்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்" என்றார். பிறகு, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்து, நல்ல பேக்கரிக்கு வழியும் சொன்னார். கசப்பைச் சொன்னதால் அவர் ஊர் எங்களுக்குக் கசந்து போகவில்லை. உண்மையில் கோவா எனக்குப் பிடித்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

என்னைப் போன்ற வயதானவர்கள் இப்போது நிறைய இப்படிப் போகிறார்கள். பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள். ஆகவே மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, ஒரே நாளில் மூன்று ஊர் வேண்டாம். ஒன்று போதும். சாந்தோரில் கண்ணாடிக்குப் பதில் சிப்பி ஓடு பதித்த ஜன்னல்கள் உள்ள அழகான மாளிகை. வாத்தியார் முட்டி வலியோடு வேனிலேயே உட்கார்ந்திருந்தார், நாங்கள் இருபது நிமிடத்தில் ஓடி வந்தோம். ஜன்னல் என்பதே போர்ச்சுகீசியச் சொல், சாவி, அலமாரி, மேசை, துவாலை எல்லாம்கூட அப்படித்தான் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, "அப்ப நம்ம வீட்ல பாதி சாமான் அவங்க பேர்லதான் இருக்குதா?" என்று என் மனைவி கேட்டாள். உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு அது. ஓடிக்கொண்டே பேசினோம்.

இரண்டாவது, சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாப்பாடும் வரலாறுதான், மிளகாய் சொல்கிற கதையை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. ஆனால் கைடிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: "இந்த ஊரில் நீங்கள் வழக்கமாகக் காட்டாத இடம் எது?" யாரும் கேட்காததால்தான் அவர்கள் காட்டுவதில்லை.

மூன்றாவது நமக்கு. யாராவது நாளைக்கு நம் பக்கம் இப்படி ஒரு உணவுச் சுற்றுலா நடத்தினால் பிரியாணிக்குக் கூட்டம் நிச்சயம். அவர்களைப் பாலாற்றுப் பாலத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட பழைய கதையைச் சொல்லலாம், குரோம் வந்த கதையையும், எத்தனை ஆயிரம் குடும்பம் இந்தத் தொழிலில் சோறு தின்றது என்பதையும், யாருடைய கிணறு போயிற்று என்பதையும் சொல்லலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. கதை முடிந்துவிடவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் என் மகனின் நண்பர்கள் இரண்டு பேர் பெங்களூரிலிருந்து பைக்கில் வந்தார்கள். "அங்கிள், பிரியாணி எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டார்கள். நானே கூடப் போனேன். போகிற வழியில் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். மாமா தோப்பு இருந்த திசையைக் காட்டி, இத்தாலிக்காரரிடம் சொல்லாததைச் சொன்னேன். பையன்கள் நிறையக் கேட்டார்கள். சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, ஒன்றிரண்டுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிரியாணிக் கடைக்குப் போனபோது மணி இரண்டரை. தட்டில் வந்தது கொஞ்சம் ஆறித்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.